பனி படியற பக்கம்

கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க. இன்னுங் கொஞ்சம். ஆ, 'டப்'புன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாத்தீங்களா, அதுதானுங்க கணக்கு. இனி ஒரு சொட்டு உள்ள வராது. பைய மடியிலயே வெச்சுக்குங்க, பின்னாடி எடமில்ல, இது ரெண்டே சீட்டு வண்டி. ஈரமா இருக்கறமேன்னு கூச்சப்படாதீங்க, அந்தத் துண்ட எடுத்துத் தொடச்சுக்குங்க. உங்க பைக்க அந்த டீக்கடைக்காரரு பாத்துக்குவாரு, எனக்குத் தெரிஞ்சவருதான். செயின் அறுந்த வண்டிய இந்த மழையில எவன் தள்ளுவான்? பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டர்றேன். நானும் அங்கதான் போறேன். எங்கூட்டம்மா காத்துட்டு இருப்பா. அவ ஏறோணும்னா நீங்க எறங்கித்தான ஆகோணும்.

நீங்க என்ன வேலைங்க? பேங்கா? பையப் பாத்தா பேங்கு மாதிரித்தான் இருக்குது. சரி, அது கெடக்கட்டும். வண்டியப் பாத்து முழிக்கறீங்க. எல்லாரும் முழிப்பாங்க. எந்தக் கம்பெனின்னு கேப்பாங்க. இதுக்குக் கம்பெனியே நான்தானுங்க. கிட் காருன்னு சொல்லுவாங்க. பாடி, கம்பிச்சட்டம், கதவு, சீட்டு எல்லாத்தையும் புனாவுல ஒருத்தரு பண்ணிப் பொட்டி பொட்டியா அனுப்புவாரு. எஞ்சினு, கியர்பாக்ஸ், சக்கரமெல்லாம் ஒரு பழைய காருல இருந்து நம்மளே கழட்டிப் பூட்டிக்கோணும். எட்டு மாசம் பூட்டுனேன். நெம்ப அழகான வண்டி, குட்டையா, செவப்பா. ஆனா ஒண்ணு, அந்தப் பொட்டிகள்ல டாப்பு வராது. மேல வானந்தான். இப்ப நம்ம தலைக்கு மேல இருக்குது பாருங்க, இந்த டாப்பு, இது என்ற சொந்த டிசைனு. வேணுங்கறப்ப மாட்டிக்கலாம், வேண்டாங்கறப்பக் கழட்டிக்கலாம். நாலே கிளாம்பு. இதப் பண்ணுன கதை இருக்குதே, அது ஒரு பெரிய கதைங்க. பொள்ளாச்சி போறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன், பயப்படாதீங்க.

நாச்சிமுத்துன்னு சொன்னா கணபதிப் பக்கம் மோட்டார் பட்டறைக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும். முப்பத்திமூணு வருசம் சப்மெர்சிபிள் மோட்டார் பண்ணுனேன். போர்க்குழியில முன்னூறு அடி ஆழத்துல, தண்ணிக்குள்ளயே கெடக்கற மோட்டார். உள்ள எண்ணெய், வெளிய தண்ணி. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போச்சுன்னா செம்புக்கம்பி சுத்துன காயில் புகைஞ்சிரும். எல்லாம் அந்த ரப்பர் சீலுலதான் இருக்குது. நாச்சிமுத்து மோட்டாருல தண்ணி போச்சுன்னு இன்னி வரைக்கும் எவனும் பட்டற வாசல்ல வந்து நின்னதில்லீங்க.

அந்தப் பட்டறைய மகன் கையில குடுத்துட்டேன். குடுத்த பொறகும் தெனமும் போய்ட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் அவன் சொன்னான், "அப்பா, நீங்க வந்தீங்கன்னா பன்னெண்டு பேரும் வேலையப் போட்டுட்டு நீங்க சொல்றதக் கேட்டுட்டு நிக்கறாங்க. நீங்க ஊட்ல ரெஸ்ட் எடுங்கப்பா." பாருங்க, என்ற பேச்சுக்கு அங்க அவ்வளவு மதிப்பு. உற்பத்தி கெடக்கூடாதுன்னு நானும் போறத நிறுத்திட்டேன். அப்பறம் ஊட்ல நானும் சுலோசனாவும் மட்டுந்தான். சுலோசனாங்கறது எங்கூட்டம்மா. நான் பேசுவேன், அவ அடுப்படியில இருப்பா. நான் அடுப்படிக்குப் போவேன், அவ மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போயிருவா. தெனமும் அவ்வளவு துணி எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியல.

வண்டி தை மாசம் ரெடியாச்சு. சுலோசனா மொதல்ல ஏற மாட்டேன்னா. "அறுபது வயசுல பொம்மை வண்டி ஓட்டறாராம்"ன்னு அவ தங்கச்சிகிட்ட போனுல சொன்னது என்ற காதுல உழுந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழம நெம்பக் கெஞ்சி ஏத்துனேன். ஆழியாறு போயி, டேம் ரோட்டுல மீன் வறுவல் தின்னுட்டு வர்றதுதான் பிளானு. கொண்டையப் போட்டு, மேல துண்ட இறுக்கிக் கட்டி, கருப்புக் கண்ணாடி வேற. சுந்தராபுரம் தாண்டுனதும் அறுபதுல அழுத்துனேன். காத்து அப்படியே அள்ளுது. நான் பேசிட்டே வர்றேன், அவ நான் சொல்றதுக்கெல்லாம் தலைய ஆட்டுறா. சிரிக்கறா. ஏனுங்க, கல்யாணமாகி முப்பத்தொரு வருசத்துல நான் பேசறதக் கேட்டு அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. அவ வாயும் லேசா அசைஞ்சுட்டே இருந்துச்சு. பதில் சொல்றாளோ, பாட்டுப் பாடறாளோ, அந்தக் காத்துல ஒண்ணுங் கேக்கல.

அன்னியில இருந்து ஞாயித்துக்கெழமன்னா எனக்கு முன்னாடி அவ ரெடி. ஆறு மணிக்கே கொண்டையில பூ வெச்சுட்டு வண்டிக்குப் பக்கத்துல நிப்பா. நெசமாச் சொல்றேன், என்ற வாழ்க்கையிலயே அதுதான் நல்ல காலம். வாரம் பூராப் பேச வேண்டியதச் சேத்து வெச்சு ஞாயித்துக்கெழம பேசுவேன், அவ தலைய ஆட்டிட்டே வருவா.

சித்திரையில ஒரு நாள், இதா இதே கோயில்பாளையத்துக்கிட்ட, கோடை மழை புடிச்சுக்குச்சு. டாப்பு இல்லாத வண்டி, எங்க போறது? தொப்பமா நனைஞ்சுட்டோம். சுலோசனா துண்ட அவுத்துட்டு, மொகத்த மேல தூக்கி, வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கறா. எனக்கு மனசே கேக்கலீங்க. முன்னூறு அடித் தண்ணிக்குள்ள மோட்டார நனைய உடாதவன், பொண்டாட்டிய நனைய உட்டுட்டேனேன்னு இருந்துச்சு. அப்பவே கேட்டேன், "அம்மிணி, மேல ஒரு டாப்பு பண்ணிப் போட்டர்லாமா?" தலைய ஆட்டுனா. அறுபதுல போறப்ப ரெண்டு தாட்டி ஆட்டுனா. அப்பறம் என்ன யோசனை? மறுநாளே வேலைய ஆரம்பிச்சுட்டேன்.

மொத வேலை அளவு எடுக்கறது. வண்டிய போர்ட்டிகோவுல நிறுத்தி, அவளச் சீட்டுல உக்கார வெச்சேன். அவ மடியில மொறத்தப் போட்டு அவரைக்கா உரிச்சுட்டு இருந்தா. நான் டேப்பப் புடிச்சு அளந்தேன்.

"என்னத்த அளக்கறீங்க?"

"உன்ற கொண்டைய."

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

"இல்ல. கொண்டை நாலு இஞ்சு. பூவு எத்தனை மொழம் வெப்ப?"

அவ அடுத்த அவரைக்காயக் கையில எடுத்தா. நானே ரெண்டு இஞ்சு சேத்துக்கிட்டேன். இங்கதானுங்க டிசைன்ல சிக்கல். முன்கண்ணாடி குட்டை. அங்க இருந்து நேராப் பின்னாடி டாப்ப இழுத்தா அவ கொண்டை நசுங்கும். மொத்தத்தையும் ஒசத்துனா வண்டி பால் வேன் மாதிரி ஆயிரும், அழகு போயிரும். மூணு ராத்திரி, சாப்பாட்டுத் தட்டு, நியூஸ் பேப்பர், எல்லாத்துலயும் வரைஞ்சேன். கடைசியில, அவ பக்கம் மட்டும் மேல ஒரு சின்ன மேடு. கொண்டைக்கு மட்டும். உங்க தலைக்கு மேல தடவிப் பாருங்க, குழிவா இருக்குதா? அதுதான். உங்களுக்குக் கொண்டை இல்லாததால சும்மா கெடக்குது. ஊருல எத்தனையோ பேரு பொண்டாட்டிக்கு என்னென்னவோ பண்ணியிருப்பாங்க. கொண்டைக்குன்னு காருல எடம் உட்டவன் நான் ஒருத்தந்தான்.

பைபர் வேலைக்கு கரும்புக்கடை சிக்கந்தர் பாயப் புடிச்சேன். கோயிலுக்கு யானை, பார்க்குக்கு டால்பின் சறுக்கு, தண்ணி டேங்கு மூடி, எல்லாம் பண்ணுவாரு. வரைஞ்சதக் காமிச்சேன். நெம்ப நேரம் பாத்துட்டு, "மொதலாளி, எத்தனையோ பண்ணியிருக்கேன், கொண்டை வெச்ச காரு இதுதான் மொதத் தாட்டி"ன்னாரு. நல்ல மனுசன். ஒரே கொறை, மனசுல இருக்கறத நேரத்துக்கு எடுத்துச் சொல்ல மாட்டாரு.

என்ன நடந்துச்சு தெரியுங்களா? வண்டி மேல பிளைவுட்ட வளைவு வளைவா வெட்டி நிறுத்தி, எடையில தெர்மாகோல் அடைச்சு, டாப்பு உருவத்தச் செதுக்குனோம். அது மேல பட்டி போட்டு, தேய்ச்சு, அதுல இருந்து அச்சு எடுக்கோணும். ஒரு வாரம் செதுக்குனோம். பொன்னு மாதிரி வந்துச்சு. பாய் பட்டி டப்பாவக் கையில எடுத்துட்டு, "மொதலாளி..."ன்னாரு. நான் அப்பத்தான் மோட்டார் சீலப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சிருந்தேன். முடிச்சேன். மறுபடியும், "மொதலாளி, இந்தத் தெர்மாகோல்..."ன்னாரு. "தெர்மாகோல் நல்ல சரக்கு பாய், நான் பாத்து வாங்குனது"ன்னு அந்தக் கடைக்காரன் கதையச் சொன்னேன். மூணாவது தாட்டி வெரல மட்டும் தூக்குனாரு. அப்பறம் அவரும் ஒரு பெருமூச்சு உட்டுட்டுப் பட்டியப் பூசிட்டாரு. பத்து நிமிசந்தான் இருக்கும். கொண்டை மேடு உள்ள எறங்குது. கண்ணு முன்னாலயே மொத்த டாப்பும் கரைஞ்சு, கூழாயி, பிளைவுட்டு மட்டும் எலும்பாட்ட நிக்குது. அந்தப் பட்டி பட்டா தெர்மாகோல் கரைஞ்சிருமாம்! மேல மொதல்ல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசோணுமாம்! "ஏன் பாய், மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"ன்னு கேட்டேன். தாடியத் தடவிட்டு நின்னாரு. அதுதான் சொன்னேனே, எடுத்துச் சொல்ல மாட்டாரு.

மறுபடியும் மொதல்ல இருந்து. அச்சு எடுத்து, மேல்பூச்சு அடிச்சு, பைபர் விரிப்பு மூணு வரிசை ஒட்டி, காய வெச்சு உரிச்சா, பதினெட்டுக் கிலோ. ரெண்டு பேரு சுளுவாத் தூக்கலாம். பக்கத்துக் கண்ணாடிய எறக்கி ஏத்தற மாதிரி வெக்கல, அதுல சந்து உழும். சுத்தியும் ரப்பர் பீடிங், அதுல நான் சமரசமே பண்ணிக்கலீங்க. கடையில விக்கற கார் பீடிங் எல்லாம் சும்மா ஒப்புக்கு. நம்ம மோட்டாருக்குப் போடற அதே ரப்பர், ரெட்டை வரிசையா வார்த்துப் போட்டேன். அதுனாலதான் கதவு அந்த 'டப்'புச் சத்தம் குடுக்குது. பூட்டி முடிச்சு டெஸ்ட்டு. நான் உள்ள உக்காந்துட்டேன், சுலோசனா வெளிய நின்னு ஓஸ் பைப்புல தண்ணி அடிச்சா. ஒரு சொட்டு வரல. "போதும் அம்மிணி, போதும்"னு உள்ளிருந்து கத்தறேன், அவளுக்குக் கேக்கவே இல்ல. கண்ணாடி வழியா என்ற வாயையே பாத்துட்டு, சிரிச்சுட்டு, அரை மணி நேரம் அடிச்சா. அவ மொகத்துல அப்படி ஒரு நிம்மதி. அத்தனை மாசப் பாடும் வீண் போகலன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரோட்டு டெஸ்ட்டுக்குப் பாய்தான் வந்தாரு. பொள்ளாச்சி வரைக்கும் போலாம்னு கிளம்புனோம். மலுமிச்சம்பட்டியிலயே "டெஸ்ட்டு போதும் மொதலாளி, ஏ-ஒன்"னு எறங்கிட்டாரு. அவ்வளவு வேகமா ஒரு சரக்க அவரு பாஸ் பண்ணி நான் பாத்ததில்ல. அங்கிருந்து பஸ் ஏறிப் போய்ட்டாரு.

புரட்டாசியில மொத ஞாயிறு. சுலோசனாவ ஏத்துனேன். கதவு 'டப்'. அப்பறம் என்ன அமைதி தெரியுங்களா? காத்தில்ல, எரைச்சலில்ல. தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்ல. சாதாரணமாப் பேசுனாலே ஒவ்வொரு வார்த்தையும் அவ காதுல போய் உக்காருது. எனக்குப் பொறுக்குமா? சுந்தராபுரத்துல ஆரம்பிச்சேன். டாப்பு கதை, தெர்மாகோல் கதை, தொண்ணூத்தி நாலுல ஈரோட்டுக்காரன் மோட்டார் எரிஞ்சது நம்ம தப்பில்லன்னு நிரூபிச்ச கதை. அவ தலையே ஆட்டல. கிணத்துக்கடவு கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"ஏனுங்க, இந்தக் கண்ணாடி எறங்காதா?"

"எறங்காது அம்மிணி. சீலு!"

"ஓ"ன்னா. அவ்வளவுதான். ஆழியாத்துல மீனும் பாதிதான் தின்னா. திரும்பி வர்றப்ப மழை. அப்பத்தான் ஒரு கோளாறக் கவனிச்சேன். உள்பக்கம் கண்ணாடியில பனி படியுது. அதுவும் என்ற பக்கம் மட்டும். அவ பக்கம் பளிச்சுன்னு இருக்குது. வலது பக்கம் பீடிங்குல எங்கயோ தப்புன்னு புரிஞ்சுபோச்சு.

அடுத்த ஞாயிறு அவளுக்கு முட்டி வலி. அதுக்கடுத்த ஞாயிறு சஷ்டின்னா. மூணாவது ஞாயிறு, "பொள்ளாச்சியில தங்கச்சியப் பாக்கப் போறேன்"ன்னா. "வா, நான் கூட்டிட்டுப் போறேன்"னேன். "இல்லீங்க, நான் பஸ்ஸுல போய்க்கறேன்"னா. பஸ்ஸுல! வாசல்ல காரு நிக்குது, கொண்டைக்கு எடம் உட்ட காரு. நானும் உடல. அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓட்டிட்டுப் போனேன். ஜன்னல் ஓரத்துல உக்காந்திருக்கறா. காத்துல முந்தானை வெளிய பறக்குது. ஒத்தக்கால்மண்டபம் சிக்னல்ல திரும்பிப் பாத்தா. கையக்கூட ஆட்டுனா. நான் இந்தக் காலிச் சீட்டப் பாத்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அந்தத் திறந்த வண்டியில சிரிச்சுட்டு வந்தவளுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? வெயில் படாம, மழை படாம, ஒரு தூசி படாமப் பாத்துக்கிட்டதுதான் தப்பா?

அப்பறம் உக்காந்து யோசிச்சேன். எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பனிதான். கண்ணாடி மங்குனா பொம்பளைங்களுக்குப் பயமா இருக்குமில்லீங்களா? வலது பக்கம் பீடிங்கப் புடுங்கிட்டு மறுபடியும் வார்த்தேன். தனியா ஓட்டிப் பாத்தேன், பனியே படியல. பாய ஏத்திட்டு ஓட்டுனேன், படிஞ்சுது. என்ன விஞ்ஞானமோ தெரியல. மூணு தாட்டி பீடிங் மாத்துனேன். அவ வரவே இல்ல.

அந்த நேரத்துலதான் பல்லு. கடவாப்பல்லு. ஒரு சனிக்கெழம டாக்டர் புடுங்கிட்டு, பஞ்ச அமுக்கி வெச்சு, "ரெண்டு நாளைக்குப் பேசக்கூடாது, பேசுனா தையல் பிரிஞ்சிரும்"னு சொல்லிட்டாரு. சுலோசனா பக்கத்துலதான் இருந்தா. "ரெண்டு நாளுங்களா டாக்டர்?"னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டா. என்ற மேல அவ்வளவு கவலை. மறுநாக் காலையில ஆறு மணிக்கு நான் கன்னத்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன், கொண்டையில பூ வெச்சுட்டு வந்து நிக்கறா.

"வண்டிய எடுங்க. ஆழியாறு போலாம்."

எனக்கு நம்பவே முடியல. காயிதத்துல எழுதிக் காமிச்சேன், 'டாப்பக் கழட்டட்டுமா?'

"வேண்டாம், இருக்கட்டும். மழை வர்ற மாதிரி இருக்குது."

ஏறுனா. 'டப்'. ஒத்தக்கால்மண்டபம் வரைக்கும் என்ற வாயத் திரும்பித் திரும்பிப் பாத்தா. நான் எப்பிடிப் பேசறது, வாயில பஞ்சு. அப்பறம் ஆரம்பிச்சா பாருங்க. மெதுவா, ரோட்டப் பாத்துட்டே.

"கல்யாணமான அன்னிக்குத் தாராபுரத்துல இருந்து பஸ்ஸுல வந்தோமே, அன்னிக்கு எனக்கு நெம்பப் பசிச்சுதுங்க. காலையில இருந்து ஒண்ணும் திங்கல. சொல்லலாம்னு பாத்தேன். நீங்க காயில் சுத்தறத எப்பிடின்னு சொல்லிட்டு இருந்தீங்க. குண்டடத்துல முடியும்னு பாத்தேன். பல்லடத்துல முடியும்னு பாத்தேன். சிங்காநல்லூரும் வந்துருச்சு."

நான் திரும்பிப் பாத்தேன். கோவமெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொல்றா. அப்பறம் தங்கச்சி கதை, அவங்க அய்யன் சாகறப்ப இவளக் கூப்புட்டுச் சொன்ன சங்கதி, ஆறாவது படிக்கறப்பப் பாட்டுல பிரைஸ் வாங்குனது. இவ பாடுவான்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கோயில்பாளையம் தாண்டறப்பச் சொன்னா, "பட்டறையில பன்னெண்டு பேரு இருந்தாங்க. உங்க பேச்ச ஆளுக்கொரு பங்காக் கேட்டாங்க. இப்ப அத்தனையும் நான் ஒருத்திதான் கேக்கறேன். உங்க பேச்சு வேண்டாம்னு சொல்லலீங்க. என்ற பங்கு போதும்ங்கறேன்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பல்லு வலிதான், வேறென்ன. பொள்ளாச்சியில ஒரு பேக்கரி முன்னால வண்டிய நிறுத்திட்டு எறங்குனேன். வெரலக் காட்டி ரெண்டு தேங்கா பன்னு வாங்கிட்டு வந்து அவ கையில குடுத்தேன். எதுக்குன்னு அவ கேக்கல. ஆழியாறு போறதுக்குள்ள ரெண்டையும் தின்னுட்டா.

திரும்பி வர்றப்பத்தானுங்க அதிசயம். மழை. பனி படியுது. ஆனா எங்க? அவ பக்கம்! என்ற பக்கம் பளிச்! எனக்கு ஒரே சந்தோசம். மூணாவது தாட்டி வார்த்த பீடிங்கு வேலை செஞ்சிருச்சு. வாயத் தொறந்து சொல்ல முடியலையேன்னுதான் வருத்தம். அதனால அடுத்த ஞாயிறு தையல் ஆறுனதும், வண்டியில ஏறுன ஒடனே அந்தப் பீடிங்கு கதைய விலாவரியா ஆரம்பிச்சேன். பாருங்க, எடுத்த எடுப்புல மறுபடியும் பனி என்ற பக்கம் வந்துருச்சு! நான் தொடைக்கறேன், பேசறேன், தொடைக்கறேன். சுலோசனா பையத் தொறந்து ஒரு கமர்கட்ட எடுத்து என்ற வாயில போட்டுட்டா. பெரிய கோலிக்குண்டு சைசு. "ஈறுக்கு நல்லதாமுங்க. கடிக்கக்கூடாதாம், சப்போணுமாம்"ன்னா. டாக்டர் என்கிட்ட சொல்லல, அவகிட்ட சொல்லியிருப்பாரு போல. சுந்தராபுரத்துல போட்டா பொள்ளாச்சி வரைக்கும் கரையாது. அன்னிக்கும் அவதான் பேசிட்டு வந்தா. கொஞ்ச நேரத்துல பனி அவ பக்கம் போயிருச்சு. புது ரப்பர் செட்டாகக் கொஞ்ச நாள் எடுத்துக்கும், மோட்டாருலயும் அப்படித்தான். பாய்கிட்ட இதச் சொன்னேன். குனிஞ்சுட்டுச் சிரிச்சாரு. எதுக்குன்னு சொல்லல, அவருதான் எதையும் சொல்ல மாட்டாரே.

இப்ப சுலோசனாவே ஒரு முறை வெச்சிருக்கறா. காலண்டர்ல ஒரு ஞாயித்துக்கு 'தொறப்பு'ன்னு எழுதியிருப்பா, அடுத்ததுக்கு 'மூடி'ன்னு. தொறப்பு ஞாயிறு டாப்பக் கழட்டி வெச்சுட்டுப் போவோம். நான் பேசுவேன், அவ தலைய ஆட்டுவா, சிரிப்பா, பழையபடி. மூடி ஞாயிறு டாப்ப மாட்டிட்டுப் போவோம், கமர்கட் எனக்கு, பேச்சு அவளுக்கு. கழட்டி மாட்டற டிசைன் பண்ணுனதோட அருமை இப்பத்தான் தெரியுது. நெலையா ஒட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இன்னிக்கு மூடி. நாலு நாளாத் தங்கச்சி ஊட்ல இருக்கறா. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன், ஆழியாறு போயிட்டு அப்படியே ஊட்டுக்குப் போலாம்னு போன் பண்ணுனா. அவளே பண்ணுனா.

இதா, ஆச்சிப்பட்டி வந்துருச்சு. என்னுங்க, இங்கயே எறங்கிக்கறீங்களா? இந்த மழையிலயா? அட, இருங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டருதான். உங்களுக்கு வேண்டியது பொள்ளாச்சியில்ல? மெக்கானிக் கடையும் அங்கதான இருக்குது. கூச்சப்படாதீங்க. அட, பாருங்க, பாருங்க. உங்க பக்கம் கண்ணாடி எப்பிடிப் பளிச்சுன்னு இருக்குது! என்ற பக்கத்தப் பாருங்க, தொடைக்கத் தொடைக்கப் படியுது. மறுபடியும் வலது பக்கம் ஏதோ கோளாறு. நாளைக்குப் பாய்கிட்ட உடோணும். அவ வர்றப்பப் பனி அவ பக்கம் படிஞ்சா, தொடைன்னு நான் சொல்றதே இல்லீங்க. எடது பக்கம் ஒண்ணும் தெரியாம ஓட்டறது கஷ்டந்தான். சொன்னா அவ பேச்ச நிறுத்திட்டுத் தொடைப்பா. அந்தப் பேச்ச நிறுத்த எனக்கு மனசு வரலீங்க.

அதா நிக்கறா பாருங்க, பச்சைச் சேலை, கொடை. அவளே வந்து கதவத் தொறப்பா, நீங்க பைய எடுத்துக்குங்க. போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. உங்க முட்டிக்கு நேரா ஒரு டப்பா இருக்குது, அதத் தொறந்து கமர்கட் ஒண்ணு எடுத்துக் குடுங்க. பெருசா ஒண்ணு. எப்பவும் அவதான் குடுப்பா. இன்னிக்கு அவ ஏறறதுக்கு முன்னாடியே நான் போட்டுக்கறேன். நாலு நாள் கதை இருக்குமில்ல அவளுக்கு? ஈறுக்கும் நல்லது. ஆமா, நீங்க என்ன வேலைன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. பரவால்ல உடுங்க, செல பேரு அப்பிடித்தான், வாயே தொறக்க மாட்டாங்க.

வா அம்மிணி, ஏறு. பூவு முட்டாமப் பாத்து உக்காரு. சாப்ட்டயா? பன்னு வாங்கி வெச்சிருக்கறேன், அந்த டப்பாவுல பாரு. கதவ நல்லா இழுத்து... ம். ம்ம். ம்.